வாய்மூடிய பிரபுவும் வழக்காடும் நீலியும்

1958இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகுலா’ படத்தில், தலைப்புப் பாத்திரமாக நடித்த கிறிஸ்டோபர் லீக்கு இருக்கும் வசனங்கள் மொத்தம் 13. திரையில் அவர் தோன்றுவதும் ஏறத்தாழ ஏழு நிமிடம்தான். கோட்டைக்கு வரும் ஜொனாதன் ஹார்க்கரை மாடிப்படியில் இறங்கி வரவேற்கிறார், அறையைக் காட்டுகிறார், நூலகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறார். அந்த முதல் இரவோடு சரி. அதன் பிறகு படம் முடியும் வரை யாரிடமும் அவர் வாய் திறப்பதில்லை, திறந்தால் கடிக்கத்தான். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ படத்தில் அந்த 13 வசனங்களும் இல்லை, சீறல் மட்டும் உண்டு. எழுதித் தந்த வசனங்கள் சகிக்கவில்லை, அதனால் பேச மறுத்தேன் என்று லீ சொன்னார். வசனமே எழுதவில்லை என்று திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர் சொன்னார். யார் சொன்னது நிஜமோ, விளைவு ஒன்றுதான். பிரிட்டிஷ் சினிமா உருவாக்கிய ரத்தக்காட்டேரி, வீட்டுக்குள் வந்தபின் பேசாத ஒரு பிரபு. நம் பக்கத்துப் பேய்க்கு இது நேர் எதிர். அது பேசும், முறையிடும், கணக்குக் கேட்கும், தவணை வாங்கிக்கொண்டு போகும். ஹேமரின் டிராகுலா தன் கறுப்பு அங்கியையும் கோரைப்பல்லையும் உலகமெங்கும் பரப்பிய பிறகும் தென்னிந்தியாவில் குடியேற முடியாமல் போனதற்குக் காரணத்தை மதத்திலோ சுடுகாட்டு வழக்கத்திலோ தேடுவதைவிட இந்தப் பேச்சில் தேடுவது சரி என்பது என் வாதம். அதற்கு வலுவான இரண்டு சாட்சிகள் பெங்களூரில் இருக்கின்றன.

முதலில் படத்தையே பார்க்க வேண்டும். இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் தன் காட்டேரியை வாயடைக்கச் செய்ததோடு நிற்கவில்லை. அதன் பேச்சைக் கேட்கவே தேவையில்லாத ஓர் உலகத்தையும் கட்டினார். பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் அதில் ஒரு மருத்துவர் போலவே நடந்துகொள்கிறார். தன் முடிவுகளை ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைக்கிறார், கடிபட்டவர்களின் நிலையைப் போதைப் பழக்கத்தோடு ஒப்பிடுகிறார், ரத்தம் ஏற்றுகிறார். நோய்க்கு ஒரு தரப்பு உண்டா என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. இந்தத் தர்க்கத்தின் உச்சம் கடிபட்ட லூசியின் படுக்கையறைக் காட்சி. அவள் எழுந்து தோட்டத்துப் பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவுகளைத் திறந்து வைக்கிறாள். கழுத்திலிருக்கும் சிலுவையைக் கழற்றுகிறாள். திரும்பி வந்து படுத்துக் காத்திருக்கிறாள். வெளியே காய்ந்த இலைகள் காற்றில் உருள்கின்றன. சற்றுக் கழித்து வாசலில் டிராகுலா நிற்கிறான். யாரும் யாரையும் அழைக்கவில்லை, ஒரு சொல்கூட இல்லை. இந்தப் படத்தில் காட்டேரியான பெண்கள் மட்டும் பேசுவார்கள்: கோட்டையில் இருப்பவள் தன்னைக் காப்பாற்றும்படி ஹார்க்கரிடம் கெஞ்சுகிறாள், செத்து எழுந்த லூசி அண்ணனை அன்பொழுகக் கூப்பிடுகிறாள். இரண்டும் தந்திரம். கெஞ்சியவளை நம்பிய ஹார்க்கர் கடிபடுகிறான். அண்ணனோ வான் ஹெல்சிங் குறுக்கே சிலுவையை நீட்டியதால் தப்புகிறான். இறந்தவர் பேசினால் காது கொடுக்காதே, மரமுளையை எடு என்பதுதான் படம் கற்பிக்கும் பாடம்.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு, பிராம் ஸ்டோக்கரின் மூலக்கதையில் பிரபு நிறையவே பேசுகிறாரே என்பது. உண்மை. 1897இல் வெளிவந்த நாவலில் அவர் தன் குலப்பெருமையைப் பக்கம் பக்கமாக அளக்கிறார். லண்டனில் சொத்து வாங்குவது பற்றிச் சட்ட நுணுக்கம் விசாரிக்கிறார். 1931இல் ஹாலிவுட்டில் பேலா லுகோசி தன் உச்சரிப்பை வைத்தே பயமுறுத்தினார். ஆக, காட்டேரி பிறவி ஊமை என்று சொல்ல வழியில்லை. என் கூற்றும் அதுவல்ல. 1958இல் பிரிட்டிஷ் சினிமாவின் கையில் அது ஊமையாக்கப்பட்டது என்பதே. அதில் பணத்துக்கும் பங்கு உண்டு. படத்தின் செலவு ஏறத்தாழ 81,000 பவுன். கப்பல் பயணம், லண்டன் நகரம் எல்லாவற்றையும் சாங்ஸ்டர் வெட்டி, கதையை இரண்டு வீடுகளுக்கும் ஒரு கல்லறைக்கும் சுருக்கினார். சிக்கனத்தால் பிறந்த அழகியல் என்று இதை ஒதுக்கிவிடலாமா? முடியாது. சிக்கனம் காட்சிகளைக் குறைக்கும். வாய் திறந்து பேசத் தெரிந்த ஒரு நடிகரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு பேசவிடாமல் செய்வது வேறு தேர்வு. அந்தத் தேர்வு பலித்ததால்தான் அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஹேமர் அதையே திரும்பத் திரும்பச் செய்தது.

இனி நம் பக்கம். ‘அம்புலிமாமா’ படித்து வளர்ந்தவர்களுக்கு ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் மறக்காது: ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தன். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்திலேயே இருக்கும் இந்தக் கதைக்கோவையில் விதி என்ன? மனிதன் வாய் திறக்கக்கூடாது. பிணத்துக்குள் புகுந்த வேதாளம்தான் பேசும். அது கதை சொல்லி, கதையின் முடிவில் நியாயம் கேட்கும். அரசனுக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். ஹேமர் படத்தின் ஏற்பாட்டை அப்படியே தலைகீழாக்கினால் கிடைப்பது இதுதான். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் இந்தக் கதைகளில் பதினொன்றை 1870இல் ஆங்கிலத்தில் தன் போக்கில் எழுதி, தலைப்பிலேயே வேதாளத்தைக் காட்டேரியாக்கினார். பர்ட்டனோடு விருந்துண்டு பழகியவர் ஸ்டோக்கர். பேசும்போது வெளித்தெரிந்த பர்ட்டனின் கோரைப்பல்லைத் தன் நினைவுக்குறிப்பில் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். வேதாளத்தின் ரத்த உறவில் டிராகுலா பிறந்தான் என்று இதை வைத்து நிறுவ முடியாது. ஆனால், இங்கிருந்து கப்பலேறிய வேதாளத்தின் பேச்சு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

வேதாளம் விடுகதை போடும் பேய் என்றால், வழக்கே தொடுக்கும் பேய் பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையைச் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் குறிப்பிடுகிறது. எனவே அது ஏழாம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த கதை. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தொடர்கிறாள். அவனிடம் காவலுக்கு ஒரு வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரே வேளாளர் சபையில் போய் நிற்கிறாள். என் புருஷன் என்னைக் கைவிட்டுப் போகிறார் என்பது புகார். அவன் மறுக்கிறான், குழந்தையோ அவனை அப்பா என்கிறது. எழுபது வேளாளர்களும் இருதரப்பையும் கேட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள்: வாளைக் கொடுத்துவிட்டு மனைவியோடு இரவு தங்கு, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம். காலையில் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

இங்கேயும் பேயின் பேச்சை நம்பியவர்கள்தானே அழிந்தார்கள், லூசியின் அண்ணனுக்கு நேரவிருந்தது இதுதானே என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நீலியின் கதையில் அச்சம் எங்கே இருக்கிறது? அவள் கொன்ற விதத்தை மரபு பெரிதுபடுத்துவதில்லை. கேட்டறிந்து சொன்ன தீர்ப்பு பிழைத்துப்போனதும், அதற்கு விலையாகச் சொன்னவர்கள் உயிர் கொடுத்ததுமே கதையின் உயிர்நாடி. பேயின் வழக்கை எடுத்திருக்கக் கூடாது என்று கதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தது. தவறான பிறவியின் பெயரில் அதைத் தொடுத்தாள், அவ்வளவுதான். இதைவிடத் தெளிவான ஆதாரம் ‘நீலகேசி’. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான இந்தச் சமண நூலில், உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற துறவியைச் சுடுகாட்டில் மிரட்டுவதற்காக அனுப்பப்படுகிறது இதே பழையனூர்ப் பேய். ரத்தப் பலியை மீட்க வந்த பேய் முனிவரிடம் தோற்று, கொல்லாமையை ஏற்று, பெண் தர்க்கவாதியாகப் புறப்படுகிறது. குண்டலகேசியில் தொடங்கி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக வாதில் வெல்கிறது. உலக இலக்கியத்தில் வேறெந்தக் காட்டேரியும் நியாய சாஸ்திரம் படித்து அளவைகளை அடுக்கியதாக நான் அறியேன். சமணப் புலவர் தன் தரப்புக்கு வழக்கறிஞராக ஒரு பேயைத் தேர்ந்தெடுத்தாரென்றால், பேய்க்கும் வாதத்துக்கும் இருந்த உறவு அவருடைய வாசகர்களுக்கு இயல்பாகவே பட்டிருக்க வேண்டும்.

காப்பியத்தில் உள்ளதுதான் கோயில் வாசலிலும் நடக்கிறது. பேய் பிடித்தவள் முன்னால் உடுக்கை அடிக்கும் பூசாரி முதலில் கேட்பது நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், உனக்கு என்ன வேண்டும் என்பவைதான். பெயர் சொல்லும் வரை உடுக்கை ஓயாது. செஞ்சி வட்டாரத்தில் இந்தச் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூல் இந்தக் கேள்வி-பதிலை விரிவாகப் பதிவு செய்கிறது: அங்கே வரும் பேய்களில் பெரும்பாலானவை ஆசை நிறைவேறாமல் அகாலத்தில் செத்த இளைஞர்கள். கேட்டதைக் கொடுத்த பின்னரே பேய் போக ஒப்புக்கொள்கிறது. பிறகு உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிக்கிறார்கள். அந்த ஆணி வான் ஹெல்சிங்கின் மரமுளைதானே? பாதி ஆம். இரண்டும் பேயை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. ஆனால் இங்கே ஆணி, உடன்பாடு முடிந்த பிறகு போடும் முத்திரை. அங்கே உடன்பாட்டுக்கே இடமில்லை. தென்மாவட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அடித்துக் கொல்லப்பட்டவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் கொடை விழாவில் தங்கள் கதையையே வில்லுப்பாட்டாகக் கேட்டுக் களிக்கும் தெய்வங்கள். இசக்கியும் அந்த வரிசைதான்.

பெங்களூர் இதற்கு நகர்ப்புறச் சாட்சி தருகிறது. 1990களில் நகரத்தின் பல பகுதிகளில் ஒரு வதந்தி பரவியது. இரவில் ஒரு பெண் பேய் கதவைத் தட்டும், உங்களுக்குத் தெரிந்தவரின் குரலில் கூப்பிடும், திறந்தால் சாவு. பரிகாரம் எளிது: கதவில் ‘நாளே பா’ (நாளை வா) என்று கன்னடத்தில் எழுதி வைக்க வேண்டும். பேய் வரும், படிக்கும், நாளைக்கு வரலாம் என்று போய்விடும். மறுநாளும் அதையே படிக்கும். மளிகைக் கடையில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகையின் அதே நுட்பம். இந்தப் பேய்க்கு எழுத்தறிவு உண்டு, பொறுமை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக எழுதித் தந்த வாக்கை மதிக்கும் குணம் உண்டு. லூசியின் வீட்டிலும் ஆபத்து வாசலில்தான் நின்றது; அங்கே தடுப்புக்கு வைத்தவை பூண்டுப்பூவும் சிலுவையும். இங்கே வைத்தது ஒரு வாக்கியம். மக்களின் பீதியை நான் கேலி செய்யவில்லை. பீதியின் நடுவிலும் அவர்கள் கைக்கு வந்த கருவி எது என்பதைத்தான் சுட்டுகிறேன். 2018இல் வந்த ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படம் இந்த வதந்தியைச் சந்தேரிக்குக் கொண்டுபோய்ப் பெரும் வெற்றி கண்டது. அந்தப் பேயும் மரியாதை கேட்டு நிற்கும் பேய்தான்.

சிலுவை நமக்கு அந்நியம், ஆகவே காட்டேரியும் அந்நியம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பெங்களூர் விவேக் நகரில் ஒரு வியாழக்கிழமை இந்த விளக்கத்தைத் தகர்த்துவிடும். அங்குள்ள குழந்தை இயேசு திருத்தலத்துக்கு அன்று வரும் கூட்டத்தில் கத்தோலிக்கர் அளவுக்கு மற்ற மதத்தவரும் இருப்பார்கள்; தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று பூசைகள் நடக்கும். பக்கத்து வண்ணார்பேட்டையும் நீலசந்திராவும் ஆஸ்டின் டவுனும் பல தலைமுறைத் தமிழர்கள் வாழும் பகுதிகள். 1809இல் கன்டோன்மென்ட் உருவானதைத் தொடர்ந்து வந்து குடியேறிய மக்களின் தொடர்ச்சி. இவர்களுக்குச் சிலுவை அந்நியப் பொருளல்ல. ஆனால் அதை யாரும் ஆயுதமாக நீட்டுவதில்லை. அதன் முன் நின்று கேட்கிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள், கிடைத்ததும் வந்து நன்றி சொல்கிறார்கள். பேயோட்டுவதற்கே பெயர்பெற்ற கிறிஸ்தவத் தலங்களிலும் இதே கதைதான். தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் பேய் பிடித்தவர்கள் புனிதரின் முன் கத்தி, அழுது, தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். ஹேமர் படத்தில் சிலுவை லூசியின் நெற்றியைச் சுட்டு அவள் பேச்சை முடித்துவைக்கிறது. இங்கே சிலுவை பேச வைக்கிறது. பிணத்தை எரிப்பவர்களுக்குக் காட்டேரி எப்படி வரும் என்ற இன்னொரு விளக்கமும் நிற்காது. கர்நாடகத்தின் லிங்காயத்துகளும் தமிழகத்தின் பல சமூகங்களும் புதைக்கும் வழக்கமுள்ளவர்களே.

டிராகுலாவை இந்தத் துணைக்கண்டத்துக்கு இறக்குமதி செய்த படங்களும் அவனுக்கு ஒரு கணக்கை ஒட்டவைக்காமல் விடவில்லை. லாகூரில் 1967இல் எடுக்கப்பட்ட ‘ஜிந்தா லாஷ்’ ஹேமர் படத்தை அடியொற்றியது. அதில் காட்டேரி, சாகாமருந்து தேடித் தன் மேலேயே சோதனை செய்துகொண்ட ஒரு பேராசிரியர். ராம்சே சகோதரர்களின் ‘பந்த் தர்வாஸா’ (1990) அங்கியும் பல்லுமாக லீயையே பிரதியெடுக்கிறது. ஆனால் கதை தொடங்குவது, பிள்ளையில்லாத தாகூர் மனைவி காட்டேரியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில். பிறப்பது பெண்ணானால் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெண் பிறக்கிறது, வாக்கு மீறப்படுகிறது, வம்பு தொடங்குகிறது. ஹேமர் நிறுவனமே 1970களில் டிராகுலாவை இந்தியாவுக்கு அனுப்பத் திட்டமிட்டு, ஆன்டனி ஹைன்ட்ஸ் 1930களின் இந்தியாவில் நடக்கும் திரைக்கதை ஒன்றை எழுதினார். படமாகவில்லை. 2015இல் நாட்டிங்ஹாமில் ஒரு திரைவிழாவில் வாசிக்கப்பட்டு, 2017இல் பிபிசி வானொலியில் மார்க் கேட்டிஸ் இயக்கத்தில் ஒலிபரப்பானது. பேசாத பிரபுவின் இந்தியப் பயணம் வெறும் குரலாக முடிந்ததை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் சினிமாவில் இந்த மரபின் பெயர் பிளாஷ்பேக். ‘சந்திரமுகி’யில் (2005) மருத்துவர் சரவணன், கங்காவுக்குள் இருப்பவள் கேட்கும் பழியை ஒரு பொம்மை வேட்டையனைக் கொடுத்துத் தீர்க்கிறார். ‘காஞ்சனா’வில் (2011) பேய் தன் கொலையின் கதையைச் சொல்லி முடித்ததும் நாயகனே உடம்பை அதற்குக் கொடுக்கிறான். இது இடைவேளைக்குப் பிந்தைய வணிகச் சூத்திரம், இதில் பண்பாட்டைத் தேடாதீர்கள் என்று ஒரு விமர்சகர் சொல்லலாம். சூத்திரம்தான். ஆனால் பார்வையாளர் ஏற்காத சூத்திரம் இத்தனை ஆண்டு ஓடாது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பேயின் தரப்பு தெரிந்த கணமே பயம் போய்விடுகிறது, மிச்சமிருப்பது பரிதாபமும் சிரிப்பும். ஃபிஷரின் படம் இன்றும் முதுகைச் சில்லிட வைப்பதற்குக் காரணம், அந்தப் பிரபுவுக்கு எந்தக் குறையும் நேரவில்லை என்பதே. கோட்டை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, பசி இருக்கிறது, அவ்வளவுதான். தமிழில் இந்த வகைத் தீமையை நாம் பேய்க்குக் கொடுக்கவில்லை. ஜனங்களின் ரத்தத்தை உறிஞ்சுபவன் என்று இங்கே திட்டு வாங்குபவன் உயிரோடிருக்கும் பண்ணையார், வட்டிக்காரன். பேய் அவன் கொன்ற பெண். பிரிட்டிஷ் படத்தில் ஒரே உடம்பில் இருந்த பிரபுவும் பிணமும் இங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று குற்றவாளிக் கூண்டிலும் மற்றது வாதியின் இடத்திலும் நிற்கின்றன.

2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா: அத்தியாயம் 1 சந்திரா’ இந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டு கோரைப்பல்லை மட்டும் இடம் மாற்றியது. டொமினிக் அருண் இயக்கிய அந்த மலையாளப் படம் தமிழிலும் ஓடியது. கதை நடப்பது பெங்களூரில். கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா, கேரள மரபின் கள்ளியங்காட்டு நீலி. அவளுக்கு ரத்தம் வேண்டும், வெயில் ஆகாது. அந்த அளவுக்கு அவள் டிராகுலாவின் வாரிசு. ஆனால் அவள் ஆதிக்கதையில் கோயிலுக்குள் போகத் தடுக்கப்பட்ட பழங்குடிச் சிறுமியும் அவள் மக்களைக் கொன்ற அரசனும் வருகிறார்கள். பழைய ஐதீகத்தில் யட்சியை அடக்கும் கடமற்றத்துக் கத்தனார் இதில் அவளுக்குத் துணையாகிறார். மலையாள சினிமாவில் அதுவரை இல்லாத வசூலை இந்தக் காட்டேரி ஈட்டியது, அவளுக்கு ஒரு நியாயம் இருந்ததால்தான். வெற்றியை மறுப்பதற்கில்லை, ஆனால் இதுவும் பயமுறுத்தும் படமல்ல. தமிழில் ரத்தக்காட்டேரிப் படம் எடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கு என் வேண்டுகோள் இது: நீலிக்கு இன்னொரு பிளாஷ்பேக் எழுதாதீர்கள். அவளுக்கு எதிரே நிற்கும் அரசனையோ பண்ணையாரையோ எடுத்து, அவனுக்கு அந்தப் பல்லைக் கொடுத்து, முதல் இரவுக்குப் பிறகு ஒரு வசனமும் எழுதாமல் விட்டுப் பாருங்கள்.